எந்தப் படியால் அளந்தாய்?

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதும் முதலில் தயங்கினேன். சிவில், மெக்கானிக்கல் பசங்க படிக்கிற மலர்ல டிப்ளமா நர்சிங் மாணவி என்னத்தை எழுதுறது? அப்புறம்தான் தோன்றியது, அளவைப் பற்றி எழுதலாமே என்று. அது நம் எல்லோருக்கும் பொதுதானே!

என் பாட்டிக்கு ஊர் திருவையாறு பக்கம். நெல் அளக்கும்போது யாராவது 'அஞ்சு படி' என்றால் உடனே கேட்பார், "பெரிய படியா, சின்னப் படியா?" கேட்காமல் அளந்தால் யாரோ ஒருவருக்கு நட்டம். இன்சுலின் சங்கதியும் அச்சு அசல் இதேதான். இங்கே போவது நெல் அல்ல, உயிர்.

1921-ல் டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கண்டறிந்த இந்த மருந்தை 'யூனிட்' கணக்கில்தான் போடுகிறோம். ஆரம்பத்தில் ஒரு முயலின் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்று பார்த்துத்தான் யூனிட்டையே நிர்ணயித்தார்களாம். பாவம் முயல்! நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் குப்பிகளும் கடையில் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். பொதுவாக 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சில் இருக்கும் கோடு மில்லிக் கோடு அல்ல. அந்த ஒரு செறிவுக்கு மட்டும் போட்ட கோடு. மாற்றிப் பிடித்தால் கணக்கு இரண்டரை மடங்கு பிசகும்.

முதலாண்டில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கேஸ் ஷீட்டில் 20 யூனிட். சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்று மனப்பாடம் பண்ணியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே, ட்ரேயில் இருந்த சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்துவிட்டேன். இன்சுலினை இரண்டு பேர் சரிபார்த்துத்தான் போட வேண்டும் என்பதால் சீனியர் சிஸ்டரிடம் காட்டினேன்.

"ஏம்மா, குப்பியைக் காட்டு."

குப்பியில் 100 என்று இருந்தது.

"இப்ப உன் கையில எத்தனை யூனிட் இருக்கு?"

அரை மில்லி. மில்லிக்கு 100 என்றால் 50 யூனிட்! கை நடுங்கிவிட்டது. சிஸ்டர் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. அந்தப் பெரியவர் இரவு ஒரு இட்லிதான் சாப்பிட்டிருந்தார். நடுராத்திரி சர்க்கரை இறங்கி நினைவு தப்பியிருந்தால், எல்லோரும் அசந்து தூங்குகிறார் என்றே நினைத்திருப்போம்.

இதற்கு நேர் எதிரான கதையும் பார்த்தேன். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் இன்சுலினை வீட்டில் அவரவரேதான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாபநாசம் பக்கத்துத் தாத்தா ஒருவர், "ரெண்டு வாரமா சுகர் எறங்கல பாப்பா. சோத்தையும் கொறச்சிட்டேன், ஊசியையும் விடல" என்றார். டாக்டர் அளவைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "தாத்தா, நாளைக்கு வரும்போது குப்பியையும் ஊசியையும் எடுத்துட்டு வாங்க" என்றேன். குப்பி 40, சிரிஞ்சோ ஆரஞ்சு! கடையில் சிவப்பு தீர்ந்துபோய் இதைக் கொடுத்தார்களாம். 20 என்று நினைத்து அவர் போட்டுக்கொண்டிருந்தது வெறும் 8 யூனிட். அளவைக் கூட்டிவிட்டு, அடுத்த மாதம் கடைக்குச் சிவப்பு சிரிஞ்ச் வந்திருந்தால்? நினைக்கவே பயமாயிருக்கிறது.

எழுதுவதிலும் கண்டம் உண்டு. யூனிட்டுக்கு ஆங்கில 'யு' எழுத்தை மட்டும் அவசரமாகக் கிறுக்கினால் அது பூஜ்யம் மாதிரி தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். அதனால் முழுச் சொல்லாகவே எழுதச் சொல்கிறார்கள்.

அளவு சரியாக இருந்தாலும் நேரம் தவறலாம். நம் டெல்டாவில் நடவுக்குப் போகிற அம்மாக்களைப் பாருங்கள். விடிகாலையில் ஊசி போட்டுக்கொண்டு வயலில் இறங்கிவிடுவார்கள், கஞ்சி வருவதற்குள் வெயில் ஏறிவிடும். சாதாரண ரெகுலர் இன்சுலின் போட்டால் அரை மணியில் சாப்பிட்டாக வேண்டும். இரண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல். பக்கத்தில் இருப்பவர்கள் வெயில் மயக்கம் என்று வரப்பில் படுக்க வைத்துவிடுவார்கள். நினைவு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவில்லை என்றால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். இப்போதெல்லாம் வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிற அம்மாக்களிடம், வெற்றிலைச் சுருக்குப் பையிலேயே ஒரு சர்க்கரைப் பொட்டலமும் முடிந்து வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.