இசையை அரித்த மை

இசையைச் செவியால் நுகரும் நாம் அதனைச் சுமந்துவந்த தாளை நினைப்பது அரிது. 1750ஆம் ஆண்டில் மறைந்த ஜேர்மானிய இசைமேதை யோகான் செபஸ்தியான் பாக் தம் கைப்பட எழுதிய இசைச்சுவடிகளின் மிகப் பெருந்தொகுதி பேர்லின் அரச நூல்நிலையத்தில் உள்ளது. அவற்றுக்குப் பகையாய் வாய்த்தது அவர் தொட்டெழுதிய மையே. நம் தாய்மார் அறிந்த மாசிக்காய் போன்றவற்றின் துவர்ச்சாற்றுடன் அன்னபேதி சேர்த்துக் காய்ச்சும் மை அது. காலப்போக்கில் அதன் அமிலம் தாளை அரித்தது. மை தடித்த சுரக்குறிகளின் இடத்தே துளைகள் விழுந்தன. 2000ஆம் ஆண்டையொட்டி வல்லுநர், நைந்த தாள்களின் முன்புறத்தையும் பின்புறத்தையும் வெவ்வேறாகப் பிரித்து, இடையே மெல்லிய உறுதியான தாளைப் பொருத்தி மீண்டும் ஒட்டினர்.

அச்சுப்பிரதிகள் பலவிருக்க இத்துணை முயற்சி எதற்கு? அச்சுப்பிரதி முடிந்த இசையைத் தருகிறது. அடித்தும் திருத்தியும் அவர் எழுதிய தாளிலேயே அவ்விசை பிறந்த வழியை நாம் காண்கிறோம்.