காதோரம் ஒரு குட்டி அறை

காலி டம்ளர் ஒன்றைக் காதில் கவிழ்த்துப் பாருங்கள். 'ஹோ'வென்று கடலோசை கேட்கும். டம்ளருக்குள் கடல் இல்லை. அறையில் உலவும் மெல்லிய இரைச்சலில் தனக்குப் பிடித்த சில சுருதிகளை மட்டும் அந்தக் குழிவு பொறுக்கியெடுத்துப் பெருக்குகிறது. சங்கு செய்வதும் அதையேதான். காதை மூடும் கிண்ணம் எதுவானாலும் அதற்கென்று சொந்தமாக ஒரு குரல் உண்டு. விலையுயர்ந்த ஹெட்ஃபோன் ஒன்றைச் செய்பவரின் பெரும்பாடு, அந்தக் குரலை வாயடைக்கச் செய்வதுதான்.

ஹெட்ஃபோன்களில் இரண்டு சாதி. கிண்ணத்தின் வெளிப்புறம் சல்லடைபோலத் திறந்திருந்தால் அது பின்திறந்த வகை. முழுதாக அடைத்திருந்தால் பின்மூடிய வகை. முதலில் பிறந்தது மூடியதுதான். 1910-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டாவில் நதானியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்ஃபோன்களைச் செய்து கடற்படைக்கு அனுப்பினார். கடற்படை மேலும் கேட்டபோது, ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்ய முடியாது என்றார். சமையலறையில் இடம் அவ்வளவுதான். 1958-இல் மில்வாக்கி நகரில் ஜான் காஸ், இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்ஃபோனைக் கொண்டுவந்தார். பின்புறத்தைத் திறந்துவிடும் யோசனை 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனத்திடமிருந்து வந்தது.

ஏன் திறந்தார்கள்? ஹெட்ஃபோனுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்தின் நடுவே மின்சாரத்தால் முன்னும் பின்னும் ஆட, சவ்வும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. அதன் முன்பக்கம் காதுக்குப் பாடும்போது, பின்பக்கம் கிண்ணத்தின் சுவருக்கும் அதே பாட்டைத் தலைகீழாகப் பாடுகிறது. முன்னால் காற்று நெருங்கினால் பின்னால் விலகும். பின்திறந்த வகையில் அந்தத் தலைகீழ்ப் பாட்டு வெளியே போய்விடும். பின்மூடிய வகையில் அதற்குப் போக்கிடம் இல்லை. சுவரில் மோதித் திரும்பி, மெல்லிய சவ்வை ஊடுருவிக் காதுக்கே வந்து சேரும்.

எவ்வளவு நேரம் கழித்து? சவ்விலிருந்து சுவர் 4 செ.மீ. தள்ளி இருந்தால், போய்வர 8 செ.மீ. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். ஆக, ஒரு நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்குள் எதிரொலி திரும்பிவிடும். அதைத் தனியான எதிரொலியாக நம்மால் பிரித்தறிய முடியாது. ஆனால் சுருதியின் நிறம் மாறியது தெரியும். குளியலறையில் பாடும்போது சில ஸ்வரங்கள் மட்டும் கம்பீரமாக ஒலிக்கின்றன அல்லவா? சுவர்களுக்கிடையே மோதி மோதி ஒரே இடத்தில் நின்று அதிரும் இந்த அலைக்கு நிலையலை என்று பெயர். குளியலறையில் அது கனத்த ஸ்வரங்களில் வரும். 4 செ.மீ. அறையிலோ 4,300 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது நொடிக்கு 4,300 அதிர்வுகளில் வரும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியே 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். வம்பு சரியாக அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எனவே பின்மூடிய ஹெட்ஃபோன் வாங்குவது ஒரு வீடு பார்ப்பது போன்றது. முதலில் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஜப்பானின் டெனான் தன் ஏஎச்-டி9200 மாடலுக்குக் கோச்சி மாநில மூங்கிலில் கிண்ணம் செய்தது. மூங்கில் லேசானது, ஆனால் அதிர்வைச் சீக்கிரம் விழுங்கிவிடும். சோனியின் இசட்1ஆர், கனடா நாட்டு ஊசியிலை மரக்கூழால் செய்த தடுப்பைப் பயன்படுத்துகிறது. சென்ஹைசரின் எச்டி 820-இன் பின்சுவர் கண்ணாடி. ஒலியை விழுங்காத கண்ணாடி எதற்கு என்றால், வளைவாக வார்த்த அந்தக் கண்ணாடி பின்னலையைச் சவ்வின் பக்கம் விடாமல், ஓரத்தில் உள்ள உறிஞ்சும் அறைகளுக்குத் திருப்பிவிடுகிறது. பந்து தன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளும் மட்டையாளரின் தந்திரம்.

2021-இல் அமெரிக்காவின் டான் கிளார்க் ஆடியோ வெளியிட்ட ஸ்டெல்த் இன்னும் விசித்திரமானது. அதில் சவ்வுக்கும் காதுக்கும் இடையே தேன்கூடுபோல் பல அளவுத் துளைகளும் குழல்களும் கொண்ட ஒரு தட்டு இருக்கிறது. இதை மீப்பொருள் என்கிறார்கள். என்ன பொருளால் ஆனது என்பதைவிட, என்ன வடிவத்தில் குடையப்பட்டது என்பதால் ஆற்றல் பெறுவதே மீப்பொருள். ஒவ்வொரு குழலும் தன் நீளத்துக்கேற்ற சுருதி ஒன்றைப் பிடித்து அடக்கும். புல்லாங்குழலைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள்: ஊதினால் ஒலி தருவதற்குப் பதில், வந்த ஒலியை வாங்கி வைத்துக்கொள்ளும் குழல்.

சுவர் பார்த்தாயிற்று, அடுத்து கதவு. ஹெட்ஃபோனின் கதவு, காதைச் சுற்றி அமரும் மெத்தை. கனத்த ஒலி முழுவதும் இதை நம்பித்தான் இருக்கிறது. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 17 மீட்டர் நீளம், ஒரு பேருந்தைவிட நீளம். அது எப்படிக் கிண்ணத்துக்குள் அடங்கும்? அடங்க வேண்டியதே இல்லை. மூடிய சிற்றறையில் காற்றை அழுத்தினாலே போதும், செவிப்பறை அதை ஒலியாக உணரும். சவ்வுக்கும் காதுக்கும் நடுவே 100 மி.லி. காற்று, அரை டம்ளர், இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓடும் மிக்ஸிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல 94 டெசிபெல் அழுத்தம் உண்டாக்க, அந்தக் காற்றை 0.0007 மி.லி. மாற்றினால் போதும். ஒரு நீர்த்துளியில் எழுபதில் ஒரு பங்கு! 40 மி.மீ. அகலமுள்ள சவ்வு இதற்காக நகரும் தூரம், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்வளவு சிறிய அழுத்தம் என்பதால் சிறிய ஓட்டையும் பெரிய நஷ்டம். பஞ்சரான டியூபுக்கு மெதுவாகக் காற்றடித்தால் அடித்ததெல்லாம் ஓட்டை வழியே போய்விடும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு தள்ளல் நொடியில் எண்பதில் ஒரு பங்கு நேரம் நீடிக்கிறது. காற்று தப்பிக்க அவகாசம் தாராளம். 4,000 ஹெர்ட்ஸில் அதற்கு நேரமே கிடைக்காது. ஆகவே மெத்தையில் இடுக்கு விழுந்தால் கீச்சொலி அப்படியே இருக்க, கனத்த ஒலி மட்டும் கரைந்துபோகும். இடுக்கை உண்டாக்குவதில் முதல்வன் மூக்குக்கண்ணாடியின் காது. ஒரே ஹெட்ஃபோனை ஒருவர் ஆகா என்றும் இன்னொருவர் சப்பென்று இருக்கிறது என்றும் சொன்னால், இருவரில் யார் கண்ணாடி போட்டிருக்கிறார் என்று பாருங்கள். சோதனை எளிது. பாட்டு ஓடும்போது இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். கனம் சட்டென்று கூடினால், அந்தக் கதவு உங்கள் தலைக்குச் சரியாகச் சாத்தவில்லை.

அப்படியானால் இறுக்கிப் பிடித்துவிட்டால் என்ன? இங்கேதான் சொகுசு குறுக்கே வருகிறது. பல ஹெட்ஃபோன்கள் தலையை இரு பக்கமும் ஏறக்குறைய அரைக் கிலோ எடையின் அழுத்தத்தோடு கவ்வுகின்றன. ஐந்து நிமிடத்தில் அது தெரியாது, ஐம்பதாவது நிமிடத்தில் தாடை சொல்லும். இந்தச் சிக்கலுக்கு மருந்து விமானத்திலிருந்து வந்தது. 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளில் பயன்படுத்த சார்லஸ் யோஸ்ட் ஒரு நுரைப்பஞ்சை உருவாக்கினார். உடல் சூட்டில் இளகி, அழுத்திய வடிவத்தை ஏற்றுக்கொண்டு, மெதுவாக மீளும் பஞ்சு அது. இன்று நல்ல காது மெத்தைகளுக்குள் இருப்பது அதன் வழித்தோன்றல்தான். கன்னத்து எலும்பின் மேடுபள்ளத்தைத் தானே படித்துக்கொள்வதால், குறைந்த பிடியிலும் கதவு சாத்திக்கொள்ளும்.

எடையும் அப்படித்தான். சோனியின் பழைய ஸ்டூடியோ மாடலான 7506 சுமார் 230 கிராம். பிரான்ஸ் நாட்டு ஃபோக்கலின் ஸ்டெல்லியா 435 கிராம். அரை லிட்டர் பால் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். எடை எவ்வளவு என்பதைவிட, அது உச்சந்தலையில் எத்தனை விரல் அகலத்தில் பரவுகிறது என்பதே வலியைத் தீர்மானிக்கிறது. மெத்தையின் மேல்துணிக்கும் இரண்டு முகம் உண்டு. தோல் உறை காற்றை அடைக்கும், சித்திரை மாதத்தில் காதை வேகவைக்கும். வெல்வெட் போன்ற துணி குளிர்ச்சி தரும், கனத்த ஒலியைக் கசியவிடும். இரண்டையும் ஒருசேரத் தரும் மெத்தை அபூர்வம்.

இனி வீட்டுக்குள் குடியிருப்பவரைப் பார்ப்போம். துணியை உதறினால் அதன் மேல் அலை ஓடும். முறத்தை அசைத்தால் முழுதாக அசையும். சவ்வு முறம்போல் இருக்க வேண்டும். ஒரு பகுதி முன்னேயும் இன்னொரு பகுதி பின்னேயும் போனால் ஒலி சிதறும். விறைப்பாகவும் இருக்க வேண்டும், இறகுபோலவும் இருக்க வேண்டும். ஸ்டெல்லியாவில் அதற்காகப் பெரிலியம் என்ற உலோகத்தைப் பயன்படுத்தினார்கள். அலுமினியத்தைவிட நான்கு மடங்கு விறைப்பு, எடையோ மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். எனவே தொழிற்கூடத்தில் பெருங்கவனத்தோடு கையாள வேண்டியிருக்கிறது. விலையின் ஒரு பகுதி அங்கே போகிறது.

சவ்வு எல்லாச் சுருதிகளையும் சமமாகப் பாடினால் போதுமா என்றால், போதாது. நம் காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம், ஒரு முனை செவிப்பறையால் மூடிய குழல். காதுமடலோடு சேர்ந்து அது 3,000 ஹெர்ட்ஸ் அருகே எந்த ஒலியையும் தானாகவே தூக்கிக் காட்டும். பிறந்தது முதல் இந்த ஏற்றத்தோடு கேட்டுப் பழகிய மூளைக்கு அதுதான் இயல்பு. செவிப்பறையில் எல்லாம் சமமாக விழும்படி ஒரு ஹெட்ஃபோனைச் செய்தால் பாட்டு மங்கிக் கேட்கும். அதனால் பொறியாளர்கள் சிலிக்கோன் காதுகள் வைத்த பொம்மைத் தலையில் அளக்கிறார்கள். ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பலரைக் கேட்க வைத்து ஆராய்ந்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதுபோல் ஒலிக்கும் ஹெட்ஃபோனே பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கிறது என்று கண்டார்கள்.

இப்போது வாடகைப் பேச்சு. 2017-இல் ஜெரோன் ப்ரீபார்ட் 283 ஹெட்ஃபோன்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். அவை சுருதிகளை எந்த விகிதத்தில் ஒலிக்கச் செய்கின்றன என்பதற்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பது முடிவு. 1991-இல் வந்து இன்றும் விற்கும் 7506 சுமார் 100 டாலர். 2019-இல் வந்த ஸ்டெல்லியாவின் அறிமுக விலை சுமார் 3,000 டாலர். முப்பது மடங்கு விலைக்கு முப்பது மடங்கு ஒலி கிடைக்காது. கிடைப்பவை வேறு: இடமும் வலமும் ஒன்றுக்கொன்று துல்லியமாகப் பொருந்திய சவ்வுகள், அடங்கிய சுவர், நல்ல மெத்தை, கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள். எந்தப் பயனும் இல்லாத எண்களும் கூடவே வரும். இசட்1ஆர் 1,20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்கிறது சோனி. மனிதக் காது 20,000-த்தில் நின்றுவிடும். மிச்சம் வௌவாலுக்கு.

மறைந்திருக்கும் செலவும் ஒன்று உண்டு. மின்சாரத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் எதிர்ப்பான மின்மறுப்பு, ஸ்டெல்லியாவில் 35 ஓம், எச்டி 820-இல் 300 ஓம். முன்னதைச் சாதாரணக் கருவியே ஓட்டிவிடும். பின்னதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருக்கும். அதன் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கடையில் இரண்டை ஒப்பிடும்போது, முதலில் ஒலியளவைச் சமமாக்குங்கள். சற்றே உரக்க ஒலிப்பதை 'தரமானது' என்று நம் காது தீர்ப்பெழுதிவிடும். பிறகு, நூறு முறை கேட்ட பாட்டையே போடுங்கள். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் 'கும்' அடுத்த அடிக்கு முன் அடங்குகிறதா? வலந்தலையின் 'நம்' தெளிவாகப் பிரிகிறதா? பின்னணியில் தம்புரா கடைசிவரை கேட்கிறதா, அல்லது எங்கோ முழுகிப்போகிறதா? பாடகியின் 'ச' காதைக் கீறுகிறதா? கீறினால், அந்த 4,000 ஹெர்ட்ஸ் வம்பையும் சந்தேகப்பட்டியலில் வையுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன், பாட்டே போடாமல் ஒரு சோதனை செய்யுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதோடு சேர்த்தே மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். கடையின் சத்தம் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபெல் ஒலியை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் ஆனால் 4 மணி நேரம்தான். பேருந்து இரைச்சலை வெல்ல நாம் ஒலியைக் கூட்டும்போது அந்த 36 மணி நேரத்தைத்தான் தொலைக்கிறோம். நல்ல பின்மூடிய ஹெட்ஃபோன் அந்த நேரத்தைத் திருப்பித் தரும். காலியாக இருக்கும்போதே இருக்கப் பிடிக்கிற அறைதான் குடியேறத் தகுந்த அறை.