கேமரன் மலைப் பயணமும் அறுவைச் சிகிச்சையும்

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் நம்மவர்கள் கோயிலுக்கு வந்து அர்ச்சனை செய்துவிட்டுச் செல்வது வழக்கம். ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் வந்து கேள்வி கேட்டால் மட்டும் பலர் வாய் திறப்பதில்லை. மயக்கம் தெளியும் அறையில் பல்லாண்டுகள் தாதியாக இருந்தவள் என்பதால் இதனை எழுதுகிறேன்.

பித்தப்பை அறுவைக்கு வந்த ஓர் அம்மையாரிடம், முன்பு மயக்க மருந்துக்குப் பிறகு வாந்தி வந்ததா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றார். அன்றிரவெல்லாம் வாந்தி. தையலை அழுத்திப் பிடித்தபடி அவர் துடித்ததை நான் மறக்கவில்லை. "கர்ப்பப்பை ஆபரேஷனுக்கும் இப்படித்தான் ஆச்சும்மா. சொன்னா தள்ளிப் போட்டுடுவாங்களோன்னு பயந்துட்டேன்" என்றார் காலையில். சொல்லியிருந்தால் தள்ளிப் போட்டிருக்க மாட்டார்கள், மருந்தை மாற்றியிருப்பார்கள்.

யாருக்கு வாந்தி வரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும். அப்ஃபெல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பயன்படுகிறது. பெண்ணாக இருத்தல், புகைக்காதவராக இருத்தல், முன்பு மயக்க மருந்தினாலோ பயணத்திலோ வாந்தி எடுத்திருத்தல், அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை வலி மருந்து பெறுதல் ஆகிய நான்கும் சேர்ந்தால் 100 பேரில் ஏறக்குறைய 80 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். நான்கில் ஒன்றும் இல்லையெனில் 10 பேருக்குத்தான். (இதைப் படித்துவிட்டு யாரும் சிகரெட்டைத் தொட வேண்டாம். அறுவைக்குப் பின் நெஞ்சுச் சளியால் அவதிப்படுவோர் பெரும்பாலும் அவர்களே.)

ஆகவே, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு வளைந்து வளைந்து பேருந்து ஏறும்போது உங்களுக்கு வயிற்றைப் புரட்டுமானால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் வாயு மயக்க மருந்தைத் தவிர்த்து, புரோபோஃபோல் என்னும் மருந்தை இரத்தக் குழாய் வழியே செலுத்தலாம். தொடக்கத்தில் டெக்ஸாமெத்தசோன், முடியும் தறுவாயில் ஒண்டான்செட்ரோன் என இரண்டு தடுப்பு மருந்துகளும் கொடுக்கலாம். இவை வெவ்வேறு வழியில் வேலை செய்வதால் ஒன்றைவிட இரண்டுக்குப் பலன் அதிகம். டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் அதனையும் மறைக்கக் கூடாது.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முழுதாகத் தெளியாதவர் வாயில் கோயில் தீர்த்தத்தை ஊற்றுவதைப் பலமுறை தடுத்திருக்கிறேன். அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். நெற்றியில் விபூதி இடுங்கள். தீர்த்தம் தாதி அனுமதித்த பிறகு. குமட்டுகிறது என்று அவர் சொன்னால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே மணியை அழுத்துங்கள்.