எல்லா இரத்தமும் மூலம் இல்லை

மலையில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவருக்கு மலத்தோடு இரத்தம் போகிறது. 'உடம்புச் சூடு, மூலம்' என்று தானே முடிவுகட்டி, வெந்தயத்தை விழுங்கிவிட்டுக் காலையில் பிரட்டுக்களத்துக்குக் கிளம்புகிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேரும் சம்பளமும் போய்விடும். வெளியில் சொல்லவும் கூச்சம்.

அது பெரும்பாலும் மூலமாகவே இருக்கும். ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். பார்க்காமல் பிரித்தறிய யாராலும் முடியாது.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் முளைக்கும் பொலிப் என்ற சிறு சதை மொட்டில் தொடங்குகிறது. எல்லா மொட்டும் புற்றாவதில்லை. ஆகிறவைக்கும் ஏறக்குறைய 10 ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் கண்டால், குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கொபி செய்யும்போதே மொட்டை வெட்டி எடுத்துவிடலாம்.

எப்போது டொக்டரிடம் போக வேண்டும்?

- மலத்தில் இரத்தம், அல்லது கறுத்த மலம்
- மலம் போகும் வழக்கம் சில கிழமைகளாக மாறியிருப்பது
- போன பிறகும் முழுதாகப் போகாத உணர்வு
- காரணமின்றி எடை குறைதல், தீராத வயிற்றுவலி

சோகையையும் கவனியுங்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்தால், குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். மாத்திரை எடுப்பதை டொக்டரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி இல்லாதவர்களுக்கும் பரிசோதனை உண்டு. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரையானவர்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைப் பெட்டி தபாலில் வருகிறது. இலங்கையில் நமக்கு அப்படி வீடு தேடி வராது; நாமேதான் கேட்க வேண்டும். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இந்நோய் இருந்திருந்தால் 40 வயதிலேயே கேளுங்கள்.

தடுப்பு நம் சட்டியிலும் இருக்கிறது. நுவரெலியாவின் கரட், கோவா, லீக்ஸ் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகின்றன. லயத்துத் தட்டிலோ கோதுமை மா ரொட்டியும் சம்பலும்தான். அந்த ரொட்டியோடு ஒரு பிடி கீரை, பருப்பு, கடலை சேர்ந்தால் குடலுக்குத் தேவையான நார்ச்சத்து கிடைக்கும். சாராயமும் கசிப்பும் சிகரெட்டும் இந்நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன. சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் அறிவித்தது.

டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் டொக்டரைப் பார்க்கக் காசு வேண்டாம். மேலும் பார்க்க வேண்டியிருந்தால், எங்கே போக வேண்டும் என்று அவர்களே எழுதித் தருவார்கள்.

கூச்சமாக இருந்தால் நீட்டி முழக்க வேண்டாம். "ரெண்டு கிழமையா மலத்தோட இரத்தம் போகுதுங்க டொக்டர்" என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவரே கேட்பார். அதற்காக ஒரு நாள் பேர் போனால் போகட்டும்.