சிதறிய சிங்கமும் யாரோ எடுத்த படங்களும்

ஈராக்கின் மோசுல் அருங்காட்சியகத்தில் ஐ.எஸ். தீவிரவாதிகள் சம்மட்டியால் சிலைகளை உடைத்து நொறுக்கும் காணொளி 2015 பிப்ரவரி 26 அன்று வெளியானது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் நிம்ருத் நகரக் கோயில் வாசலைக் காத்த பெரிய கற்சிங்கம் ஒன்று அந்த அருங்காட்சியகத்தில் இருந்தது. அதுவும் சிதறிப்போனது.

மறு மாதமே மாத்யூ வின்சென்ட், சான்ஸ் கோகெனூர் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் பொதுமக்களிடம் ஓர் உதவி கேட்டார்கள். மோசுலில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். சுற்றிப் பார்க்கப் போனவர்கள், வேலை நிமித்தம் தங்கியவர்கள் எனப் பலர் அனுப்பினார்கள். அந்தப் படங்களிலிருந்து சிங்கம் முப்பரிமாணத்தில் கணினிக்குள் எழுந்தது.

தட்டையான படத்திலிருந்து கனவடிவம் எப்படி வரும்? பிடரியில் ஒரு வெடிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் நின்று எடுத்த படத்தில் அது ஓரிடத்திலும், சற்று நகர்ந்து எடுத்த படத்தில் வேறிடத்திலும் விழும். இப்படிப் பல படங்களில் பொதுவாகத் தெரியும் ஆயிரக்கணக்கான புள்ளிகளை மென்பொருள் இனம் காண்கிறது. ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவற்றிலிருந்தே கணக்கிடுகிறது. பிறகு, ஒவ்வொரு கேமராவிலிருந்தும் வெடிப்பை நோக்கி ஒரு கோடு இழுத்தால், கோடுகள் சந்திக்கும் இடமே கல்லில் அந்த வெடிப்பு இருந்த இடம். படம் எடுத்தவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வெவ்வேறு ஆண்டுகளில் வந்துபோனவர்கள். என்னை மலைக்க வைப்பது இதுதான்.

ஆனால் எல்லோரும் சிங்கத்தின் முகத்தையே எடுத்தால் முதுகு கிடைக்காது. அளவும் தானாக வராது. நீளம் தெரிந்த ஏதாவது ஒன்று படத்தில் வேண்டும். 2001இல் தகர்க்கப்பட்ட ஆப்கானிஸ்தானின் பாமியான் பெரிய புத்தரை மீட்டுருவாக்கிய சூரிச் ஆய்வாளர்கள் படத்துக்குப் படம் உள்ள வேறுபாட்டை நேரிலேயே கண்டார்கள். இணையத்தில் கிடைத்த படங்கள் மொத்த உருவத்தைத் தந்தன. ஆடையின் மடிப்புகளுக்கோ, 1970இல் ஆஸ்திரியப் பேராசிரியர் கோஸ்ட்கா அளவெடுப்பதற்கென்றே உள்ள கேமராவால் எடுத்த படங்கள் தேவைப்பட்டன. அவற்றிலும் மென்பொருள் மடிப்புகளைத் தவறவிட்டதால், ஆய்வாளர்களே அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கையால் குறித்தார்கள்.

படம் கிடைக்காத இடத்தை ஊகத்தால் இழைத்து மூடிவிடுவது கணினியில் எளிது. அப்படிச் செய்தால் எது சிற்பி செதுக்கியது, எது நாம் ஒட்டியது என்பது தெரியாமல் போகும். ஓட்டையை ஓட்டையாகவே காட்டுவதுதான் சரி என்பேன். நாளைக்கே யாருடைய பழைய ஆல்பத்திலிருந்தாவது அந்தப் பக்கம் வந்து சேரலாம்.

2019இல் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் மோசுல் சிங்கத்தின் முப்பரிமாண அச்சுப் பிரதியைக் காட்சிக்கு வைத்தது. மோசுலிலோ, லூவர் அருங்காட்சியக நிபுணர்களின் துணையோடு உண்மையான துண்டுகளை ஒன்றுசேர்க்கும் பணி தொடங்கியது.