சந்தைக் கடனும் கூட்டுத் தொடரும்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அடுத்திருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வெல்லையோரத்தில் உள்ளது பனச்சமூடு. 'மூடு' என்பது அவ்வட்டாரத்தில் மரத்தின் அடியைக் குறிக்கும். அங்கே பேரம் தமிழிலும் நடக்கும், மலையாளத்திலும் நடக்கும். கணக்கு இரண்டிற்கும் பொது.

அத்தகைய சந்தையில் வாழைக்குலை வாங்கி விற்கும் ஒருவர் 12,000 ரூபாய் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். மாதம் ஆயிரமாக முதலைத் திருப்ப வேண்டும். நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி. நின்ற முதலுக்கு மட்டும் வட்டியெனின், முதல் மாதம் 120, அடுத்து 110, பின் 100 என இறங்கிக் கடைசி மாதம் 10 ஆகும். இவ்வாறு ஒரே அளவில் ஏறியோ இறங்கியோ செல்லும் எண்களின் வரிசையே கூட்டுத் தொடர்.

இதனைத் தனித்தனியே கூட்ட வேண்டுவதில்லை. முதலும் கடையும் சேர்ந்தால் 130. இரண்டாவதும் கடைக்கு முந்தியதும் சேர்ந்தாலும் 130. இத்தகைய இணைகள் ஆறு. ஆகவே மொத்த வட்டி 780 ரூபாய். இம்முறையை ஆரியபட்டர் 499-இலேயே விதியாக வகுத்துள்ளார்.

கடன் கொடுப்போர் பலர் திருப்பிய முதலைக் கழிப்பதில்லை. பன்னிரண்டு மாதமும் 120 வாங்கினால் வட்டி 1,440. நின்ற முதல்களைக் கூட்டினால் (12,000 முதல் 1,000 வரை) 78,000. அதற்கு 1,440 என்பது நூற்றுக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 85 காசு. வாயால் சொன்னது ஒரு ரூபாய் வட்டிதான்! தொலைவூரில் கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் நம்மவர், வட்டி எந்தத் தொகைக்கு என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். மாதந்தோறும் ஒரே தொகையாகச் செலுத்தும் வங்கித் தவணையில் வட்டி இவ்வாறு சீராக இறங்குவதில்லை. அது வேறு கணக்கு.

தொடரைத் திருப்பியும் கேட்கலாம். பாஸ்கரரின் லீலாவதியில் (1150) ஓர் அரசன் முதல் நாள் 2 யோசனை சென்று, நாள்தோறும் ஒரே அளவு கூட்டி, ஏழு நாளில் 80 யோசனை கடக்கிறான். கூட்டியது எவ்வளவு? ஏழு இரண்டு 14 போக எஞ்சியது 66. அதனை ஒன்று முதல் ஆறு வரையிலான கூட்டுத்தொகையாகிய 21-ஆல் வகுத்தால் மூன்றேகால் யோசனைக்குச் சற்றுக் குறைவு. அரசர் யானை பிடிக்கச் சென்றார். நாம் ஊருக்குப் பணம் சேர்ப்போம். ஓராண்டில் 15,000 ரூபாய் வேண்டும். முதல் மாதம் 700 இயலும். பன்னிரண்டு எழுநூறு 8,400 போக எஞ்சிய 6,600-ஐ 66-ஆல் வகுக்க, மாதம் நூறு கூட்டினால் போதும். கடைசி மாதம் 1,800 ஆகும். அது தாங்காதெனின் தொடக்கத் தொகையை உயர்த்திக் கணக்கை மீண்டும் போடலாம்.