ஆற்றைக் காத்தவருக்கு எதைப் போர்த்துவது?

அரசு ஊழியர் ஒருவர் பணி நிறைவு பெறும் நாளில் நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். மாதத்தின் கடைசி நாள் மாலையில் அலுவலகத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்படும். பொன்னாடை போர்த்துவார்கள், சந்தன மாலை அணிவிப்பார்கள். "சீரும் சிறப்புமாகப் பணியாற்றினார்" என்று நால்வர் பேசுவார்கள். இனிப்பும் காரமும் உண்டபின் அனைவரும் கலைந்து செல்வார்கள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அலுவலகங்களிலிருந்து, ஆற்றோடும் ஏரியோடும் காலமெல்லாம் பழகியவர்கள் இவ்வாறு விடைபெற்றுச் செல்கிறார்கள். நீர்வளத் துறைப் பொறியாளர், மதகைத் திறந்து மூடும் பணியாளர், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் எனப் பலர். அவர்கள் செய்த சிறப்பு யாது என்று கேட்டால் மேடையில் பேசியவர்களுக்கே விடை தெரிவதில்லை. அணை கட்டியவருக்கு அணை சாட்சியாக நிற்கும். மணல் களவைத் தடுத்தவருக்கோ, இருந்த இடத்தில் இருக்கும் மணலன்றி வேறு சாட்சி ஏது?

முல்லைப் பெரியாறு அணையை 1895ஆம் ஆண்டில் முடித்துத் தந்த பொறியாளர் பென்னிகுயிக்கைத் தேனி மாவட்டத்து மக்கள் இன்றும் மறக்கவில்லை. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் பொங்கலிட்டு நினைவு கூர்கிறார்கள். 2013இல் லோயர் கேம்ப்பில் அரசு அவருக்கு மணிமண்டபமும் திறந்தது. மகிழ வேண்டிய செய்தியே. ஆயினும் அவர் கண்மூடி நூறாண்டு கடந்த பின்னரே மண்டபம் எழுந்தது என்பதையும் கவனியுங்கள்.

நம் மாவட்டத்திற்கு வருவோம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி வழியே சாத்தனூர் அணையை அடைந்து, திருக்கோவிலூரைக் கடந்து, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் நிலங்களை நனைத்துக் கடலில் கலக்கிறது. திண்டிவனம் பக்கத்திலோ வராக நதி எனப்படும் சங்கராபரணி. அதன் குறுக்கே 1959இல் கட்டப்பட்ட, 32 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கும் வீடூர் அணை, நம் வயல்களோடு புதுச்சேரி மாநிலத்து வயல்களுக்கும் நீர் தருகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் இவ்விரு ஆறுகளும் வெறும் மணல்வெளியாகக் கிடப்பதால், அவற்றை ஆறுகள் என்றே நாம் எண்ணுவதில்லை. குப்பை கொட்டுகிறோம், சாக்கடையைத் திருப்பி விடுகிறோம், கரையோரத்தில் சுவர் எழுப்புகிறோம்.

2024 டிசம்பர் முதல் வாரம் நமக்கு அதை நினைவூட்டியது. ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டி மீட்டர் மழை பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையின் மேல் வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டி அருகே பாலத்தை நீர் தொட்டதால் இரயில்கள் நின்றன. முன்னறிவிப்புப் போதவில்லை என்றனர் எதிர்க்கட்சியினர். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. அந்த வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் அவ்விரவுகளில் மழையில் நனைந்தபடி மதகருகே நின்றவர்களும், தாழ்வான தெருக்களில் கதவைத் தட்டி மக்களை எழுப்பியவர்களும் யார் யார் என்று எந்தச் செய்தித்தாளிலும் நாம் படிக்கவில்லை.

மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. தென்பெண்ணையின் குறுக்கே தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டப்பட்ட தடுப்பணை, 2020இல் திறக்கப்பட்டு, 2021 ஜனவரியிலேயே உடைந்தது. பொறியாளர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். கைந்நீட்டி வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வோரும் இதே துறைகளில் உண்டு. அவர்கள் ஓய்வு பெறும் நாளிலும் அதே பொன்னாடை, அதே "சீரும் சிறப்பும்". நேர்மையாளருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை வேறென்ன இருக்க முடியும்?

ஓய்வு நாளைக் காணாமலே சென்றவரும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு கோவில்பத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ், தாமிரபரணியில் மணல் களவாடப்படுவதைக் குறித்துக் காவல் நிலையத்தில் புகார் அளித்தார். 2023 ஏப்ரல் 25ஆம் நாள் தம் அலுவலகத்தில் அமர்ந்திருந்தபோதே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் குற்றவாளிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2021இல் 60 ஆக உயர்த்தப்பட்டது. அந்த வயதும், அந்த மாலையும், அந்தப் பொன்னாடையும் அவருக்குக் கிட்டவில்லை. ஆற்று மணல் மழைநீரைத் தன்னுள் இருத்தி, கரையோரக் கிணறுகளுக்கு மெல்ல மெல்ல அனுப்புகிறது. அது போனால் ஊற்று வற்றுகிறது. பாலத்தின் அடித்தளமும் வெளியே தெரிகிறது. அந்த மணலுக்காகத்தான் அம்மனிதர் உயிர் கொடுத்தார். நாம் வீடு கட்டும்போது லாரியில் வந்து இறங்கிய மணல் எந்த ஆற்றிலிருந்து, எந்த அனுமதியில் வந்தது என்று கேட்டோமா? அடுப்பில் வேகும் இறைச்சி ஹலாலா என்று ஆராயும் நம் இல்லங்கள், அடித்தளத்தைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் எல்லைக்கல் நடும் அலுவலரின் வேலை நம் மார்க்கத்திற்கு அந்நியமானதன்று. தரிசு நிலத்தைப் பண்படுத்துதல் பற்றிய பாடத்தை மதரஸா மாணவர்களுக்கு நடத்தும்போது 'ஹரீம்' என்னும் சொல்லைக் கடந்தே செல்ல வேண்டும். கிணறு தோண்டியவருக்கு, கால்நடைகள் தங்குவதற்கென அதைச் சுற்றி நாற்பது முழம் உண்டு என்ற கருத்தில் நபிமொழி ஒன்று இப்னு மாஜாவில் இடம்பெற்றுள்ளது. அவ்வாறு விடப்படும் காப்பு எல்லையே ஹரீம். ஆற்றின் கரைக்கும் ஹரீம் உண்டென்றும், அதில் கட்டடம் எழுப்பக் கூடாதென்றும், பள்ளிவாசலுக்கும் அதில் விலக்கில்லை என்றும் பிற்கால ஷாஃபிஈ சட்ட மேதைகள் எழுதியுள்ளனர். நைல் நதிக்கரையை ஆக்கிரமித்துக் கட்டுவதைக் கண்டித்து இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்) அவர்கள் தனியாக ஒரு சிறுநூலே இயற்றினார்கள். அவர்கள் மறைந்தது 1505ஆம் ஆண்டில். இன்று 'ஆற்றுப் புறம்போக்கு' என்று வருவாய்த் துறையினர் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

அப்படியானால் ஓய்வு பெறும் நேர்மையாளரை நாம் எவ்வாறு கண்ணியப்படுத்துவது? மனிதருக்கு நன்றி பாராட்டாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். ஒருவரை முகத்துக்கு நேரே மிகைப்படப் புகழ்வதையும் அவர்களே கண்டித்துள்ளார்கள். ஆகவே ஆளைப் புகழாமல் அவர் செய்த வேலையை எடுத்துச் சொல்வதே பொருத்தம். இந்த ஏரியின் வரத்துக் கால்வாயை மீட்டவர் இவர். அந்த மதகைப் பழுது பார்க்க ஓயாமல் எழுதியவர் இவர் என்று பெயரிட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு நாம் முதலில் அறிந்திருக்க வேண்டுமல்லவா?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஆற்றையோ ஏரியையோ காத்தவர் ஓய்வு பெறுவதாக அறிந்தால், அவர் எச்சமயத்தவராயினும், ஒரு மாலை வேளையில் பள்ளிவாசல் மண்டபத்திற்கு அழையுங்கள். மாலைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருவர் அருகில் அமர்ந்து கேட்டு எழுதட்டும். அணையில் எத்தனை கன அடி திறந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும்? எந்த மதகு இறுகிக் கிடக்கிறது? பழைய எல்லைக்கற்கள் எங்கே புதைந்துள்ளன? எந்தக் கால்வாயின் மேல் இப்போது கடைகள் நிற்கின்றன? இவற்றில் பல எந்தக் கோப்பிலும் இல்லை. அவர் வீட்டுக்குப் போகும்போது அவரோடு போய்விடும். அவருடைய துணைவியாரையும் உடன் அழைத்து நம் பெண்களோடு அமர வையுங்கள். வெள்ளக் காலத்தில் அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார், யார் யார் தொலைபேசியில் மிரட்டினார்கள் என்பதெல்லாம் அந்த அம்மையாருக்குத்தான் தெரியும். எழுதி முடித்த நோட்டின் ஒரு படியை அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவரிடம் கொடுங்கள். மற்றொன்று அடுத்த மழைக்காலத்திற்கு முன் ஜமாஅத் அலுவலக அலமாரியில் இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.